நன்னீர்ப் பனிக்கட்டி அமுக்கத்தில் உருமாறுவதையும் விரிசலடைவதையும் ஆராய்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஆறுகளிலும் ஏரிகளிலும் உறையும் பனிக்கட்டி எவ்வளவு அமுக்கத்தைத் தாங்கும் என்று கேட்பவருக்கு ஒரே எண்ணில் பதில் சொல்ல முடியாது. ஒரே நீரில், ஒரே முறையில் உருவாக்கிய இரண்டு உருளைகளில் ஒன்றை நாள் முழுவதும் மெதுவாக அழுத்தினால், அது உடையாமல் குறுகிப் பக்கவாட்டில் பருக்கும். மற்றொன்றை ஒரு நொடிக்குள் அழுத்தினால், நீளம் ஆயிரத்தில் ஓரிரு பங்கு குறைவதற்குள் வெடித்துச் சிதறும். பொருள் ஒன்றுதான், அதற்குள் நடக்கும் இரண்டு நிகழ்வுகளில் எது முந்துகிறது என்பதுதான் வேறு. விரிசலின் முனையில் தகைவு, அதாவது ஓர் அலகுப் பரப்பில் செயல்படும் விசை, குவிகிறது. அந்தத் தகைவைப் படிகங்களின் ஊர்வு, அதாவது சுமையின்கீழ் காலப்போக்கில் நடக்கும் மெதுவான உருமாற்றம், கரைக்கிறது. குவிதல் முந்தினால் பனிக்கட்டி நொறுங்கும், கரைதல் முந்தினால் அது வழிந்து உருமாறும். இந்தப் போட்டியைக் கண்ணால் பார்த்து, அளந்து, புரிந்துகொள்ள விரும்பும் மாணவர்களுக்கும் பொறியாளர்களுக்கும் இந்த வழிகாட்டி உரியது. குளிர் அறையும் அமுக்கச் சோதனைப் பொறியும் கிடைக்கும் என்ற எண்ணத்தில் படிகள் எழுதப்பட்டுள்ளன. அவை கிடைக்காதவர்களும் 1, 5, 6, 7, 8 ஆகிய படிகளைப் படித்தால் இயற்பியல் முழுவதும் கைக்கு வந்துவிடும்.

படி 1: படிகத்தின் அமைப்பை மனத்தில் நிறுத்துங்கள்

வழக்கமான வளிமண்டல அழுத்தத்தில் உறையும் நீர் அறுகோணப் படிகமாகிறது. ஒவ்வொரு மூலக்கூறும் நான்கு அண்டை மூலக்கூறுகளோடு ஹைட்ரஜன் பிணைப்பால் இணைந்து நான்முகிப் பின்னல் ஒன்றை உருவாக்குகிறது. இந்தப் பின்னலுக்குள் வெற்றிடம் மிகுதி என்பதால், 0 °செ வெப்பநிலையில் பனிக்கட்டியின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 917 கிலோகிராம் மட்டுமே. நமக்கு முக்கியமானது, இந்தப் பின்னல் எல்லாத் திசைகளிலும் ஒரே மாதிரி உருமாறுவதில்லை என்பதாகும். மூலக்கூறுகள் அறுகோண அடுக்குகளாக அமைந்துள்ளன. அடுக்குகளுக்குச் செங்குத்தாக நிற்பது படிகத்தின் முதன்மை அச்சு. சீட்டுக்கட்டில் ஒரு சீட்டு மற்றொன்றின் மேல் நழுவுவது போல, ஓர் அடுக்கு அடுத்த அடுக்கின் மேல் எளிதில் நழுவும். வேறு எந்தத் தளத்திலும் அதே வேகத்தில் நழுவச் செய்ய வேண்டுமானால் பல பத்து மடங்கு கூடுதலான தகைவு வேண்டும்.

ஒற்றைப் படிகத்தில் இந்த வேறுபாடு பெரிய சிக்கலை உண்டாக்காது. உண்மையான பனிக்கட்டியோ எண்ணற்ற படிகமணிகளின் தொகுப்பு. ஒவ்வொரு மணியின் முதன்மை அச்சும் ஒவ்வொரு திசையில் நோக்குகிறது. அழுத்தும்போது ஒரு மணி நழுவ விரும்புகிறது, நழுவ முடியாத திசையில் அமைந்த பக்கத்து மணி அதைத் தடுக்கிறது. நழுவலுக்கு ஏற்ற திசையில் வைத்த ஒற்றைப் படிகம், அதே தகைவில், பலபடிகப் பனிக்கட்டியைவிட நூற்றுக்கணக்கான மடங்கு வேகமாக உருமாறுவதற்குக் காரணம் இந்தத் தடைதான். விரிசல் பிறப்பதற்கும் இதே தடைதான் காரணம்.

வெப்பநிலையையும் இங்கேயே சரியான அளவுகோலில் பார்த்துவிட வேண்டும். நமக்குக் குளிராகத் தோன்றும் −10 °செ என்பது 263 கெல்வின். அதாவது உருகுநிலையின் 96 விழுக்காடு. இரும்பை அதற்கு ஒப்பான நிலைக்குக் கொண்டுவர 1,450 °செ-க்கு மேல் சூடாக்க வேண்டும். பனிக்கட்டி எப்போதும் தன் உருகுநிலைக்கு மிக அருகிலேயே இருப்பதால், ஊர்வு அதில் எப்போதும் நடந்துகொண்டே இருக்கிறது. சாதாரணச் சூழலில் கண்ணாடியைப் போல் நொறுங்கும் ஒரு பொருளுக்கு இத்தனை ஊர்வும் இருப்பதுதான் இதன் தனிச்சிறப்பு.

படி 2: சோதனைக்குரிய பனிக்கட்டியை வளர்த்தெடுங்கள்

சாதாரணக் குளிர்பெட்டியில் ஒரு பாத்திரத்து நீரை வைத்து உறைய விட்டால் கிடைப்பது சோதனைக்கு உதவாது. அது எல்லாப் பக்கங்களிலிருந்தும் உள்நோக்கி உறையும். நீரில் கரைந்திருந்த காற்று நடுவில் குமிழ்களாகச் சிக்கி வெண்மையாகத் தெரியும். கடைசியாக உறையும் நீர் தன் கன அளவில் 9 விழுக்காடு விரிவதால் ஏற்கெனவே உறைந்த புறப்பகுதியில் விரிசல் விழும். எனவே உறைதல் ஒரு திசையில் மட்டும் நகர வேண்டும், மிஞ்சும் நீர் வெளியேற வழி இருக்க வேண்டும், நீரிலிருந்து காற்று முன்னதாகவே நீக்கப்பட்டிருக்க வேண்டும். இம்மூன்றில் ஒன்று தவறினாலும், பின்னால் செய்யும் அளவீடு எவ்வளவு துல்லியமாக இருந்தும் பயனில்லை.

மணிகள் எல்லாத் திசைகளிலும் ஏறத்தாழ ஒரே அளவுள்ள பனிக்கட்டி வேண்டுமானால், தூய பனிக்கட்டியை நொறுக்கிச் சல்லடையில் சலித்து, ஒரே அளவிலான துகள்களை வார்ப்புக் குழலில் நிரப்ப வேண்டும். குழலிலுள்ள காற்றை வெற்றிடப் பம்பினால் நீக்கி, காற்று நீக்கிய தூய நீரை 0 °செ-இல் அடியிலிருந்து மெதுவாக ஏற்ற வேண்டும். பிறகு குழலின் அடிப்பகுதியை மட்டும் குளிர்வித்து, பக்கங்களுக்கு வெப்பக்காப்பு உறை போட்டு, உறைமுனை கீழிருந்து மேலாக நகருமாறு செய்ய வேண்டும். விதையாக இட்ட துகள்களின் அளவே பெரும்பாலும் இறுதி மணியளவைத் தீர்மானிக்கிறது. ஒரு மில்லிமீட்டரிலிருந்து சில மில்லிமீட்டர் வரை நாமே தேர்ந்துகொள்ளலாம்.

ஏரியில் இயல்பாக உருவாகும் வகையை ஆராய வேண்டுமானால், பக்கங்களும் அடியும் காப்பிடப்பட்ட தொட்டியில் நீரை மேலிருந்து உறைய விட வேண்டும். உறையத் தொடங்கும் தருணத்தில் நுண்ணிய பனித்துகள்களை மேற்பரப்பில் தூவினால், எண்ணற்ற படிகங்கள் ஒரே நேரத்தில் வளரத் தொடங்கும். கீழ்நோக்கி வளரும் போட்டியில் முதன்மை அச்சு கிடைமட்டமாக அமைந்தவை மற்றவற்றை நெருக்கி வென்று, நெடுந்தூண்களாக நீளும். அமைதியான நீர் விதையின்றி உறையும்போது, முதன்மை அச்சு செங்குத்தாக நிற்கும் பெரிய மணிகளும் அமைவதுண்டு. இந்த இரண்டு வகைகளும் பார்வைக்கு ஒரே மாதிரித் தெளிவாக இருந்தாலும் அமுக்கத்தில் வெவ்வேறாக நடந்துகொள்ளும். தூண்களின் நீளத்திசையில் அழுத்துகிறோமா குறுக்கே அழுத்துகிறோமா என்பதும் முடிவை மாற்றும். ஆகவே வளர்ந்த திசையைக் குறிக்கும் ஓர் அம்பை ஒவ்வொரு துண்டிலும் வெட்டும் முன்பே வரைந்துவிடுங்கள்.

படி 3: வெட்டுதல், மணியளவு பார்த்தல், வெப்பநிலைக்குப் பழக்குதல்

குளிர் அறைக்குள்ளேயே வாள் கொண்டு வெட்டி, கடைசல் எந்திரத்தில் உருளையாகக் கடைந்தெடுக்க வேண்டும். உருளையின் நீளம் விட்டத்தைப் போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கும், விட்டம் மணியளவைப் போல் குறைந்தது பத்துப் பதினைந்து மடங்கும் இருக்கட்டும். விட்டத்தில் நான்கைந்து மணிகளே இருந்தால் நாம் சோதிப்பது பனிக்கட்டியை அன்று, அந்த நான்கைந்து மணிகளின் தற்செயலான திசையமைப்பைத்தான்.

மிகுந்த பொறுமையை முனைகளுக்குச் செலவிடுங்கள். இரு முனைகளும் ஒன்றுக்கொன்று இணையாகவும் அச்சுக்குச் செங்குத்தாகவும், மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு துல்லியத்தில் அமைய வேண்டும். ஒரு மூலை உயர்ந்திருந்தால் அந்த இடத்தில் தகைவு குவிந்து, விரிசல் அங்கிருந்தே தொடங்கும். முனைக்கும் உலோகத் தட்டுக்கும் இடையே மென்மையான ரப்பர்த் தாளை வைத்தால் சீராகும் என்ற எண்ணம் பலருக்கு வரும். அதைச் செய்யக் கூடாது. அழுத்தும்போது ரப்பர் பக்கவாட்டில் பரவி, தன்னோடு பனிக்கட்டியின் முனையையும் வெளிநோக்கி இழுக்கும். உருளை நெடுக்காகப் பிளக்கும். அந்தப் பிளவு ரப்பரின் விளைவே தவிர, பனிக்கட்டியின் இயல்பு அன்று. இதற்கு மாறாக, சொரசொரப்பான தட்டு முனைகளைப் பிடித்து வைத்து, வலிமையை இல்லாத உயரத்துக்கு ஏற்றிக் காட்டும். நன்றாக மெருகேற்றிய உலோகத் தட்டே நடுவழி.

மணியளவைப் பார்க்க, அதே கட்டியிலிருந்து ஒரு மெல்லிய துண்டைக் கண்ணாடித் தகட்டில் உறைய வைத்து ஒட்டி, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனுக்குச் சீவி, குறுக்காக வைத்த இரண்டு முனைவாக்கித் தாள்களுக்கு (ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தாள்கள்) இடையே வைத்து ஒளியூட்டுங்கள். ஒவ்வொரு மணியும் தன் அச்சின் திசைக்கேற்ப வெவ்வேறு நிறத்தில் ஒளிரும். இந்தக் காட்சியைச் சோதனைக்கு முன்பும் பின்பும் படமெடுத்து வையுங்கள்; பின்னால் வரும் பல கேள்விகளுக்கு இதில்தான் விடை இருக்கும்.

வெட்டிய உருளையை வெறுமனே வைத்தால் அது பதங்கமாகித் தேயும். மூடிய உறைக்குள் சிறிது பனித்துகளோடு வைத்தால் தேயாது. ஓர் அறையிலிருந்து வேறு வெப்பநிலையுள்ள அறைக்கு மாற்றுவதை மெதுவாகச் செய்து, சோதனை வெப்பநிலையில் குறைந்தது ஓர் இரவாவது இருக்க விடுங்கள். விரைவாக மாற்றினால் வெப்ப அதிர்ச்சியே விரிசல்களை உண்டாக்கிவிடும்.

படி 4: அழுத்தும் வீதத்தைத் தேர்ந்தெடுங்கள்

இந்தச் சோதனையின் மையக் கட்டுப்பாடு திரிபு வீதம். அதாவது ஒரு நொடிக்கு நீளத்தின் எத்தனை பங்கு குறைகிறது என்ற அளவு. 100 மி.மீ. நீளமுள்ள உருளையை நொடிக்கு 10⁻⁷ என்ற வீதத்தில் அழுத்தினால், அது ஒரு நாளில் ஒரு மில்லிமீட்டரைவிடச் சற்றுக் குறைவாகச் சுருங்கும். ஒரு விழுக்காடு திரிபை அடைய ஏறத்தாழ 28 மணி நேரம் ஆகும். நொடிக்கு 10⁻³ என்றால் அதே ஒரு விழுக்காடு பத்தே நொடிகளில் வந்துவிடும். ஒரு தொடர் ஆய்வுக்கு 10⁻⁷ முதல் 10⁻² வரை, ஒவ்வொரு பத்து மடங்குக்கும் ஒரு சோதனையாவது வேண்டும். 10⁻⁴-க்கும் 10⁻³-க்கும் இடையில் இன்னும் நெருக்கமாக எடுக்க வேண்டும்.

திரிபைப் பொறியின் நகர்வைக் கொண்டு கணக்கிடாமல், உருளையின் மேலேயே பொருத்திய, நீள மாற்றத்தைக் காட்டும் நீட்சிமானியால் அளந்து, அந்த அளவைக் கொண்டே பொறியைக் கட்டுப்படுத்த வேண்டும். எந்தப் பொறியும் சுமையின்கீழ் சற்று வளையும். பனிக்கட்டி பலம் இழக்கத் தொடங்கும் கணத்தில் பொறிக்குள் சேர்ந்திருந்த மீட்சி ஆற்றல் முழுவதும் அதன்மேல் பாயும். அதனால், மெதுவாகத் தளர்ந்திருக்கக்கூடிய உருளைகூடத் திடீரென நொறுங்கியது போல் தோன்றும். வேகமான சோதனைகளில் சில்லுகள் கடும் வேகத்தில் தெறிக்கும் என்பதால், உடையாத ஒளிபுகு தடுப்பும் கண் கவசமும் இல்லாமல் அருகில் நிற்காதீர்கள்.

படி 5: மெதுவாக அழுத்தி ஊர்வைப் பாருங்கள்

முதலில் ஒரு மெகாபாஸ்கல் (வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ பத்து மடங்கு) அளவிலான நிலையான தகைவை ஏற்றி, திரிபு காலத்தோடு எப்படி வளர்கிறது என்று பாருங்கள். சுமை ஏறியவுடன் தோன்றும் சிறு சுருக்கம் தூய மீட்சியால் வருவது; சுமையை எடுத்தால் அது உடனே மறையும். பனிக்கட்டியின் விறைப்பைக் குறிக்கும் யங் குணகம் ஏறத்தாழ 9 கிகாபாஸ்கல் என்பதால் அது ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கே. அதன்பின் திரிபு தொடர்ந்து வளரும், ஆனால் வேகம் குறைந்துகொண்டே வரும். இந்தத் தொடக்க ஊர்வின் ஒரு பகுதி, சுமையை எடுத்தால் மெல்ல மெல்லத் திரும்பி வரக்கூடியது. மணி எல்லைகளில் ஏற்படும் சறுக்கலோடு தொடர்புடைய இந்தத் தாமதமான மீட்சியை, அது மணியளவைச் சார்ந்திருப்பதையும் சேர்த்து, கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் நிர்மல் சின்ஹா 1970-களில் விரிவாக ஆராய்ந்தார்.

வேகம் குறைவதற்குக் காரணம் சுமைப் பகிர்வுதான். எளிதில் நழுவும் மணிகள் முதலில் நழுவித் தங்கள் சுமையை, நழுவ முடியாத மணிகளின்மேல் ஏற்றிவிடுகின்றன. திரிபு ஏறத்தாழ ஒரு விழுக்காட்டை எட்டும்போது வேகம் தன் சிறும அளவை அடைகிறது. அதைத் தாண்டினால் மீண்டும் வேகம் கூடும்: கடுமையாக உருமாறிய மணிகளின் ஓரங்களில் புதிய, திரிபற்ற மணிகள் முளைக்கின்றன, அவற்றில் பல, நழுவலுக்கு ஏற்ற திசையில் அமைகின்றன. திரிபு பத்து விழுக்காட்டை நெருங்கும்போது வேகம் சிறும அளவைப் போல் சில மடங்காகி நிலைபெறும். சோதனைக்குப் பின் மெல்லிய துண்டை முனைவாக்கித் தாள்களுக்கு இடையே பார்த்தால், முதன்மை அச்சுகள் அழுத்திய திசையைச் சுற்றி ஒரு கூம்பைப் போல் திரண்டிருப்பதைக் காணலாம்.

சிறும வேகத்தைப் பல தகைவுகளில் அளந்து வரைந்தால், 1950-களில் ஜான் கிளென் கண்டறிந்த உறவு கிடைக்கும்: திரிபு வீதம் தகைவின் ஏறத்தாழ மூன்றாம் அடுக்குக்கு நேர்விகிதத்தில் இருக்கும். தகைவை இரட்டிப்பாக்கினால் ஊர்வு எட்டு மடங்காகும் என்பது இதன் பொருள். இதையே மறுபக்கத்திலிருந்து பார்த்தால், நாம் அழுத்தும் வீதத்தைப் பத்து மடங்காக்கினால் பனிக்கட்டி காட்டும் எதிர்ப்பு பத்தின் கனமூலமான 2.15 மடங்காக மட்டுமே உயரும். பனியாறுகள் மலைச்சரிவில் நகர்வதைக் கணக்கிடுவோர் இன்றும் பயன்படுத்தும் விதி இது. வெப்பநிலையின் தாக்கமும் வலுவானது. குறிப்பாக −10 °செ-க்கு மேல் உருகுநிலையை நெருங்கும்போது, மணி எல்லைகளில் நுண்ணிய நீர்மப் படலங்கள் தோன்றுவதால், ஊர்வு இன்னும் விரைவாகக் கூடுகிறது.

படி 6: முதல் விரிசல்களைக் கவனியுங்கள்

இப்போது வீதத்தை நொடிக்கு 10⁻⁵ என உயர்த்தி, உருளைக்குப் பின்னாலிருந்து ஒளியூட்டிக் கவனியுங்கள். பாறையிலோ கான்கிரீட்டிலோ இந்தக் கட்டத்தைக் கண்ணால் பார்க்க வழியில்லை. பனிக்கட்டி ஒளிபுகும் பொருள் என்பதால் ஒவ்வொரு விரிசலும் சிறு வெள்ளித் தகடு போல் பளிச்சிட்டுத் தோன்றுவதை நேராகக் காணலாம். அமுக்கத்தில் முறியும் எல்லாப் பொருள்களையும் புரிந்துகொள்ள இதைவிட நல்ல சாளரம் வேறு இல்லை என்பதே என் உறுதியான கருத்து.

இந்த விரிசல்கள் பெரும்பாலும் மணி எல்லைகளில் பிறக்கின்றன. அவற்றின் நீளம் ஏறத்தாழ ஒரு மணியின் அளவே. மணிக்குள் நழுவி வரும் இடப்பிறழ்வுகள், அதாவது படிக வரிசையிலுள்ள பிசகுகள், எல்லையைத் தாண்ட முடியாமல் அங்கே குவிகின்றன. எல்லைகள் ஒன்றின்மேல் ஒன்று சறுக்கும்போது, மூன்று மணிகள் சந்திக்கும் மூலைகளில் தகைவு எகிறுகிறது. மீட்சிக் குணகம் திசைக்குத் திசை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வேறுபடுவதும் பக்கத்துப் பக்கத்து மணிகளிடையே பொருந்தாமையை உண்டாக்குகிறது. வெளியிலிருந்து நாம் தருவது அமுக்கம் மட்டுமே. ஆனாலும் மணிகளின் அளவில் பார்த்தால் அங்கங்கே இழுவிசை பிறக்கிறது, விரிசலைத் திறப்பதும் அந்த இழுவிசையே. பனிக்கட்டி அமுக்கத்தைவிட இழுவிசையில் மிகவும் பலவீனமானது. இழுவிசையில் அது ஒரு மெகாபாஸ்கல் அளவிலேயே முறிந்துவிடும். தூண்வடிவ மணிகளைக் கொண்ட பனிக்கட்டியில் இந்த விரிசல்கள் எப்போது, எந்தத் திசையில் தோன்றுகின்றன என்பதைக் கனடாவில் லோர்ன் கோல்டு 1960-களில் பொறுமையாக எண்ணிப் பதிவு செய்தார். பெரும்பாலானவை சுமைத் திசைக்கு இணையான தளங்களை ஒட்டியே அமைகின்றன.

கண்ணுக்குத் தப்பும் விரிசல்களைக் காதால் பிடிக்கலாம். ஒலி உமிழ்வு உணரியை ஒரு துளி நீரால் உருளையின் பக்கத்தில் உறைய வைத்து ஒட்டினால், ஒவ்வொரு விரிசலும் ஒரு துடிப்பாகப் பதிவாகும். நொடிக்கு 10⁻⁵ என்ற வீதத்தில் துடிப்புகள் பெருகி, உருளை பால் போல் வெளுத்துவிடும், ஆயினும் அது உடையாது. நூற்றுக்கணக்கான விரிசல்கள் பிறந்தும் அவை வளர்ந்து ஒன்றோடொன்று இணையவில்லை. விரிசல் பிறப்பது முறிவு ஆகாது என்பதை இந்தக் கட்டத்தில் நன்றாக உள்வாங்கிக்கொள்ள வேண்டும். தொடக்கநிலை ஆய்வாளர்களை மிகுதியாகக் குழப்புவது இதுதான்.

படி 7: வேகமாக அழுத்தி விரிசல்கள் வளர்வதைப் பதிவு செய்யுங்கள்

வீதத்தை நொடிக்கு 10⁻³-க்கு மேல் கொண்டுசெல்லுங்கள். அதிவேகப் படக்கருவி இருந்தால் இங்கே அவசியம் பயன்படுத்துங்கள். தகைவு ஏறக்குறைய நேர்கோட்டில் ஏறி, மில்லிமீட்டர் அளவு மணிகள் கொண்ட, −10 °செ-இலுள்ள பனிக்கட்டியில் பத்து மெகாபாஸ்கலுக்கு அருகில் திடீரென வீழும்.

அந்தக் கணத்துக்கு முன் நடப்பதை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கலாம். சுமைத் திசைக்கு ஏறத்தாழ 45 பாகையில் சாய்ந்து அமைந்த ஒரு தாய் விரிசலை எடுத்துக்கொள்வோம். அமுக்கம் அதன் இரு முகங்களையும் ஒன்றோடொன்று அழுத்துகிறது. சாய்வினால் எழும் சறுக்குவிசை உராய்வை மீறும்போது முகங்கள் சறுக்குகின்றன. சறுக்கியதும் தாய் விரிசலின் இரு முனைகளிலும் எதிரெதிர்ப் பக்கங்களில் இழுவிசை மண்டலங்கள் தோன்றி, அங்கிருந்து இரண்டு கிளைகள் பிறந்து வளைந்து சுமைத் திசையை நோக்கி நீள்கின்றன. இவற்றைச் சிறகு விரிசல்கள் என்கிறோம். கண்ணாடியில் இவ்வகை விரிசல்களை பிரேஸ், பாம்போலாகிஸ் ஆகியோர் 1963-இல் காட்டினர். பனிக்கட்டியில் இவை இயங்கும் முறையை அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் எர்லண்ட் ஷுல்சனும் அவருடைய குழுவினரும் தொடர்ந்து ஆராய்ந்து நிறுவினர்.

சிறகு விரிசல் இழுவிசை விரிசலைப் போல் ஒரே ஓட்டத்தில் பாய்வதில்லை. நீள நீள அதன் முனையில் தகைவு குறைகிறது. மேலும் வளர வேண்டுமானால் சுமையைக் கூட்ட வேண்டும். அமுக்க வலிமை இழுவிசை வலிமையைவிடப் பன்மடங்கு உயர்ந்திருப்பதற்கு இதுவே அடிப்படைக் காரணம். பக்க அழுத்தம் சிறிதும் இல்லாதபோது சிறகுகள் நீண்டு இணைந்து உருளையை நெடுக்காகப் பிளக்கின்றன. சிறிதளவு பக்க அழுத்தம் இருந்தால்கூட நீண்ட சிறகுகள் தடைபடும். அப்போது வேறொரு வடிவம் முன்னுக்கு வருகிறது. தாய் விரிசலின் ஒரு பக்கத்தில் நெருக்க நெருக்கமாகப் பல கிளைகள் பிறந்து, அவற்றுக்கிடையே ஒரு முனை மட்டும் பிணைந்து நிற்கும் மெல்லிய நுண்தூண்கள் உருவாகின்றன. சறுக்கும் முகம் இந்தத் தூண்களின் கட்டற்ற முனைகளை உரசி வளைக்கிறது. ஒன்று முறிந்ததும் அதன் சுமை அடுத்ததின்மேல் ஏறுகிறது. இவ்வாறு சரசரவென்று முறிந்து, சுமைத் திசைக்கு ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் ஒரு பிளவுத்தளம் உருளை முழுவதையும் கடக்கிறது. சீப்பு விரிசல்கள் எனப்படும் இவற்றை அடிப்படையாகக் கொண்டு, 2001-இல் கார்ல் ரென்ஷாவும் ஷுல்சனும் பனிக்கட்டிக்கும் பாறைக்கும் பொதுவான முறிவு விளக்கம் ஒன்றை முன்வைத்தனர். நிலவியலாளர்கள் பனிக்கட்டியில் ஆர்வம் காட்டுவது இதனால்தான்.

படி 8: மாறும் வீதத்தைக் கண்டுபிடியுங்கள்

எல்லாச் சோதனைகளின் உச்சத் தகைவையும் திரிபு வீதத்துக்கு எதிராக மடக்கை அளவில் வரைந்தால், ஊர்வுப் பகுதியில் வலிமை ஏறிச்சென்று, ஓர் உச்சத்தைத் தொட்டு, நொறுங்கும் பகுதியில் சற்றே இறங்கிச் சிதறலாகும். மில்லிமீட்டர் அளவு மணிகளுக்கு −10 °செ-இல் இந்த உச்சம் நொடிக்கு 10⁻⁴ முதல் 10⁻³ வரையிலான பகுதியில் அமைகிறது. பனிக்கட்டி மிக வலிமையாக இருப்பது நெகிழ்விலும் அன்று, நொறுங்கலிலும் அன்று. இரண்டும் சந்திக்கும் எல்லையில்தான்.

எல்லை எங்கே அமையும் என்பதைத் தொடக்கத்தில் சொன்ன போட்டியே முடிவு செய்கிறது. சிறகு விரிசலின் முனையில் ஊர்வு தகைவைக் கரைக்கும் வேகமும், நாம் அதை ஏற்றும் வேகமும் சமமாகும் வீதமே அது. ஆகவே ஊர்வை விரைவுபடுத்தும் எதுவும் எல்லையை உயர்ந்த வீதத்துக்குத் தள்ளும். வெப்பநிலை உயர்வு அவ்வாறானது. முறிவு எதிர்ப்பு, அதாவது விரிசல் வளர்வதைப் பொருள் தடுக்கும் திறன், கூடுவதும் அதே விளைவைத் தரும். நன்னீர்ப் பனிக்கட்டியின் முறிவு எதிர்ப்போ மிகக் குறைவு, மீட்டரின் வர்க்கமூலத்தால் பெருக்கிய மெகாபாஸ்கல் அலகில் ஏறத்தாழ 0.1 தான். மணியளவு எதிர்த்திசையில் வேலை செய்கிறது. பெரிய மணி என்றால் நீண்ட தாய் விரிசல், நீண்ட விரிசல் என்றால் முனையில் கூடுதல் தகைவு. கோட்பாட்டின்படி மாறும் வீதம் மணியளவின் ஒன்றரை அடுக்குக்கு எதிர்விகிதத்தில் இருக்கிறது: மணியளவு நான்கு மடங்கானால் மாறும் வீதம் எட்டில் ஒரு பங்காகக் குறையும். நொறுங்கு வலிமை மணியளவின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் குறைவதால், அதே நான்கு மடங்கில் வலிமை ஏறத்தாழப் பாதியாகும். வீதம், வெப்பநிலை, மணியளவு, மணி வகை ஆகிய நான்கையும் சொல்லாமல் வெளியிடப்படும் வலிமை எண்ணை எவரும் பயன்படுத்த முடியாது. உங்கள் குறிப்பேட்டில் ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே இந்த நான்கும் இருக்கட்டும்.

படி 9: பக்க அழுத்தம் சேர்த்துச் சோதியுங்கள்

இயற்கையில் பனிக்கட்டி எல்லாப் பக்கங்களிலும் தனித்து நிற்பது அரிது. எல்லாப் பக்கங்களிலிருந்தும் அழுத்தக்கூடிய முவ்வச்சுச் சோதனைக் கலத்தில் பக்க அழுத்தத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினால், நொறுங்கு வலிமை செங்குத்தாக ஏறுவதைப் பார்க்கலாம். பக்க அழுத்தம் தாய் விரிசலின் முகங்களை இறுக்கிச் சறுக்கலைத் தடுப்பதே காரணம். பக்க அழுத்தத்துக்கும் முதன்மை அழுத்தத்துக்கும் உள்ள விகிதம் உராய்வைப் பொறுத்த ஓர் எல்லையைத் தாண்டினால், எந்தத் திசையில் சாய்ந்த விரிசலும் சறுக்க முடியாது. உராய்வுக் குணகம் 0.5 எனில் அந்த எல்லை 0.38. அதற்கு மேல் உராய்வுப் பிளவு மறைந்து, ஏறத்தாழ 45 பாகையில், ஊர்வு ஒரு மெல்லிய பட்டையில் குவிந்து உண்டாக்கும் வேறுவகைப் பிளவு தோன்றுகிறது. தூண்வடிவப் பனிக்கட்டியை ஏரிப் பரப்பின் தளத்திலேயே இரு திசைகளில் அழுத்தும்போது, மூன்றாவது திசை திறந்திருப்பதால், தகடு தகடாக மேலும் கீழும் உரிவதையும் காணலாம்.

அமுக்கத்தில் பனிக்கட்டி உடைவது அழுத்தத்தால் உருகுவதனால்தான் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு மெகாபாஸ்கல் அழுத்தம் உருகுநிலையை 0.074 °செ மட்டுமே தாழ்த்தும்; பத்து மெகாபாஸ்கலும் ஒரு பாகையைத் தாண்டாது. −10 °செ-இலுள்ள உருளை அதனால் உருகாது. பல பத்து மெகாபாஸ்கல் அழுத்தம் குவியும் தொடுபுள்ளிகளிலும், வேகமாக உராயும் பிளவு முகங்களிலும் மட்டும் உள்ளூர் உருகலுக்கு இடமுண்டு.

படி 10: களத்துக்குப் பொருத்துங்கள்

ஆய்வக முடிவைப் பயன்படுத்தும் முன் களத்தின் திரிபு வீதத்தை மதிப்பிட வேண்டும். பனிக்கட்டியின் நீள்விரிவுக் குணகம் ஒரு பாகைக்கு ஏறத்தாழ 5 × 10⁻⁵ என்பதால், ஒரு கிலோமீட்டர் அகல ஏரிப் பனிக்கட்டி முழுத் தடிமனிலும் 10 °செ வெப்பமடைந்தால் அரை மீட்டர் விரிய முயலும். அது பத்து மணி நேரத்தில் நடந்து, கரைகள் அதைத் தடுத்தால், வீதம் நொடிக்கு ஏறத்தாழ 1.4 × 10⁻⁸. இது முற்றிலும் ஊர்வுக்குரிய பகுதி, −10 °செ-இல் கிளென் விதிப்படி தகைவு அரை மெகாபாஸ்கல் அளவிலேயே நிற்கும். அணையின் சுவரில் நிலையாக அழுத்தும் விசைக்கு இந்தக் கணக்கே பொருந்தும். மாறாக, நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் மிதந்துவரும் பனித்தகடு இரண்டு மீட்டர் அகலப் பாலத்தூணில் மோதினால், வீதம் நொடிக்கு 10⁻¹ என்ற அளவை எட்டும். அங்கே படி 7-இல் கண்ட நொறுங்கலே நிகழும்.

களத்துப் பனிக்கட்டியில் வெப்ப மாற்றத்தால் விழுந்த பழைய விரிசல்களும், குமிழ்களும், மேலிருந்து கீழாகக் கூடும் வெப்பநிலையும், ஆழத்தோடு பெரிதாகும் மணிகளும் இருக்கும். தொடும் பரப்பு பெரிதாகும்போது சராசரி அழுத்தமும் குறையும். எனவே சிறு உருளையில் கிடைத்த எண்ணைத் தூணின் முழு அகலத்துக்கும் அப்படியே பெருக்காமல், அதை மேல் வரம்பாக மட்டும் எடுத்துக்கொண்டு, அதே இடத்துப் பனிக்கட்டியின் மெல்லிய துண்டுகளை மேல், நடு, அடி ஆகிய மூன்று ஆழங்களிலிருந்தும் எடுத்து மணியளவைப் பார்த்த பிறகே வடிவமைப்பு விசையை முடிவு செய்யுங்கள்.